சாரட்டு வண்டிக்காரர் மகன் கண்ட உலோகம்: சார்ல்ஸ் ஹாட்செட்டின் வாழ்க்கை

கிளமெண்டிவாசிகளுக்கு எம்ஆர்ஐ என்ற சொல் புதிதல்ல. முதுகுவலி, மூட்டுவலி, தலைச்சுற்றல் என்று மருத்துவரிடம் போனால், சில வேளைகளில் எம்ஆர்ஐ எடுத்து வரச் சொல்வார். பக்கத்திலேயே கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. குகை போன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்து, காதில் விழும் தட்டல் ஓசையைப் பொறுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் பல கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பி சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனைகளில் உள்ள பெரும்பாலான எம்ஆர்ஐ காந்தங்களில் அந்தக் கம்பி, நையோபியமும் டைட்டேனியமும் கலந்த உலோகத்தால் ஆனது. திரவ ஹீலியத்தில் அதை ஏறத்தாழ மைனஸ் 269 பாகைக்குக் குளிர வைத்தால், மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உடலின் உள்ளுறுப்புகளைக் கத்தியின்றிப் படம் பிடிக்கும் அளவுக்கு வலிமையான காந்தம் கிடைக்கிறது.

இந்த நையோபியத்தை 1801ஆம் ஆண்டில் முதன்முதலில் அடையாளம் கண்டவர் சார்ல்ஸ் ஹாட்செட். லண்டனில் குதிரைவண்டி செய்பவரின் மகன். அவர் கண்டதைப் புதிய தனிமம் அல்ல என்று எட்டே ஆண்டுகளில் பெரிய அறிஞர் ஒருவர் தள்ளிவிட்டார். அந்தத் தீர்ப்பு 35 ஆண்டுகள் நின்றது. அது தவறென்று தெரிந்த பிறகும், அவர் சூட்டிய பெயர் நிலைக்கவில்லை. பெயர் போனது, அவர் செய்த வேலை மட்டும் போகவில்லை.

பட்டறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

ஹாட்செட் 1765ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜான் ஹாட்செட், லாங் ஏக்கர் வீதியில் பெரிய சாரட்டு வண்டிப் பட்டறை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அந்த வீதி முழுக்க வண்டித் தொழில்தான். மரவேலை, இரும்புவேலை, தோல்வேலை, சாயப்பூச்சு என்று எல்லாக் கைத்திறனும் ஒரே இடத்தில் நடக்கும். சார்ல்ஸ் ஒரே மகன். தொழில் அவருக்குத்தான் வர வேண்டும் என்பதே வீட்டின் எதிர்பார்ப்பு.

ஆனால் பையனுக்கு மனம் போனது கற்களின் பின்னால். வேதியியலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். புத்தகங்களைத் தேடிப் படித்தும் வீட்டிலேயே சோதனை செய்து பார்த்தும் தானாகக் கற்றுக்கொண்டார். எலிசபெத் காலிக்கை மணந்தார். 1790இல் ரஷ்யா, போலந்து நாடுகளுக்குப் பயணம் புறப்பட்டார். 1796இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சுரங்கங்களையும் ஆலைகளையும் சுற்றிப் பார்த்து, கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். அந்த நாட்குறிப்பு 1967இல்தான் அச்சாகி வெளிவந்தது.

போன இடமெல்லாம் கற்களைச் சேகரித்தார். ஏறத்தாழ 7,000 கனிமங்கள் கொண்ட அவருடைய தொகுப்பை 1799இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

வேதியியலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பொறுமை. கிளிஞ்சல், எலும்பு, பல் ஆகியவற்றை அமிலத்தில் கரைத்து, எதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கிளிஞ்சலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கார்பனேட்டு, பல்லின் மேற்பூச்சில் இருப்பது சுண்ணாம்புப் பாஸ்பேட்டு என்று 1799இல் எழுதினார். அதற்கு முன்னரே 1797இல் ராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆகிவிட்டார். மறு ஆண்டே அந்தச் சங்கத்தின் உயரிய விருதான காப்ளி பதக்கமும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33.

22 காரட்டுக்குச் சாட்சி

சிராங்கூன் சாலையில் நகைக்கடை ஏறி இறங்குபவர்களுக்கு 916 என்ற எண் நன்றாகத் தெரியும். 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு வேறு உலோகம். அதுதான் 22 காரட். இந்தக் கலவையின் தேய்மானத்தை முறையாகச் சோதித்தவர்களில் ஹாட்செட்டும் ஒருவர்.

1798இல் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு கவலை வந்தது. புழக்கத்தில் இருந்த தங்கக் காசுகள் எடை குறைந்துகொண்டே போயின. தங்கம் மிருதுவாக இருப்பதால் தேய்கிறதா, கலவை சரியில்லையா என்று தெரியவில்லை. இதைச் சோதிக்கும் பொறுப்பு ஹாட்செட்டிடமும் புகழ்பெற்ற அறிஞர் ஹென்றி கேவண்டிஷிடமும் ஒப்படைக்கப்பட்டது. காசோடு காசை உரசும் இயந்திரங்களை அமைத்து, பல கலவைகளில் செய்த காசுகளை மீண்டும் மீண்டும் தேய்த்து எடை பார்த்தார்கள்.

சோதனை முடிவை ஹாட்செட் 1803இல் வெளியிட்டார். காசுக்கு 22 காரட் கலவையே பொருத்தமானது. மிக மிருதுவும் கூடாது, மிகக் கடினமும் கூடாது. சாதாரணப் புழக்கத்தில் காசு தேய்வது மிகக் குறைவு என்பதும் தெரியவந்தது. ஈயம், பிஸ்மத் போன்றவை மிகச் சிறிதளவு கலந்தாலும் தங்கம் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும் என்பதையும் அவர் அளந்து காட்டினார். பொற்கொல்லர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததை எண்ணில் எழுதி வைத்த வேலை அது.

அலமாரியில் கிடந்த கறுப்புக் கல்

தங்கச் சோதனைகள் முடிந்த 1801இல்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமங்களை அவர் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் வாழ்நாள் முழுவதும் சேகரித்து விட்டுச்சென்ற பொருள்களே அந்த அருங்காட்சியகத்தின் தொடக்கம். ஸ்லோனின் பெட்டிகளில் கனமான, கறுப்பான ஒரு கல் இருந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வின்த்ராப் என்பவர் அனுப்பிய கல் என்று பட்டியல் சொன்னது. பல பத்தாண்டுகளாக அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சைபீரியாவிலிருந்து வந்த ஓர் இரும்புக் கனிமத்தைப் போலவே அது இருந்ததால் ஹாட்செட்டின் கண்ணில் பட்டது. அருங்காட்சியகத்தின் அனுமதியோடு ஒரு துண்டை வாங்கிக்கொண்டார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 200 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13 கிராம். நம் கணக்கில் ஒன்றரைப் பவுனுக்குச் சற்று அதிகம்.

கல்லைப் பொடியாக்கி அமிலத்தில் போட்டால் எளிதில் கரையவில்லை. பொட்டாஷ் உப்போடு சேர்த்து நெருப்பில் உருக்கி, அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதை மறுபடியும் உருக்கி என்று மாறி மாறிச் செய்தார். இரும்பு ஒரு பக்கம் பிரிந்து வந்தது. மறுபக்கம் வெள்ளைப் பொடி ஒன்று தங்கியது. கல்லின் எடையில் நான்கில் மூன்று பங்குக்குமேல் இந்த வெள்ளைப் பொடிதான்.

அதுவரை தெரிந்திருந்த எந்த உலோகத்தின் ஆக்சைடும் அந்தப் பொடியைப் போல நடந்துகொள்ளவில்லை. கரைசலில் ஒரு சயனைடு உப்பைச் சேர்த்தால் ஆலிவ் பச்சை நிறம் வந்தது. மாசிக்காய்ச் சாற்றைச் சேர்த்தால் ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் படிந்தது. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் சேருமே, அதே மாசிக்காய்தான். அன்றைய வேதியியலாளர்களுக்கு அது முக்கியமான சோதனைப் பொருள்.

1801ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி ராயல் சங்கத்தில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குக் கவிஞர்கள் வழங்கிவந்த கொலம்பியா என்ற பெயரை ஒட்டி, புதிய உலோகத்துக்குக் கொலம்பியம் என்று பெயரிட்டார். கல்லுக்குக் கொலம்பைட் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

உலோகத்தையே பிரித்தெடுத்துவிட்டேன் என்று ஹாட்செட் சொல்லவில்லை. கையில் இருந்த சிறு துண்டு அதற்குப் போதவில்லை. அன்றைய உலைகளின் சூடும் போதாது. கண்டது ஆக்சைடு மட்டுமே, அதில் புதிய உலோகம் இருக்கிறது என்பதே சோதனைகள் காட்டும் முடிவு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். இந்த அடக்கமே பின்னால் அவருடைய கட்டுரையைக் காப்பாற்றியது. அவர் எழுதிய சோதனைகளை யார் மீண்டும் செய்தாலும் அதே நிறங்கள் கிடைத்தன.

வொல்லாஸ்டனின் தீர்ப்பு

மறு ஆண்டு, 1802இல், சுவீடனில் ஆண்டர்ஸ் எக்கபெர்க் என்ற வேதியியலாளர் வேறு ஒரு புதிய உலோகத்தைக் கண்டார். அதன் ஆக்சைடு அமிலத்தில் கிடந்தாலும் அமிலத்தை ஏற்கவில்லை. கிரேக்கப் புராணத்தில் டாண்டலஸ் என்ற அரசன், கழுத்தளவு நீரில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாமல் சபிக்கப்பட்டவன். அந்த நினைவில் டாண்டலம் என்று பெயர் வைத்தார் எக்கபெர்க்.

கொலம்பியம், டாண்டலம் ஆகிய இரண்டின் குணமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. உண்மையில் இரண்டா, ஒன்றுதானா என்ற கேள்வி எழுந்தது. 1809இல் அதைத் தீர்க்க முன்வந்தவர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டறிந்தவர். இங்கிலாந்தின் வேதியியல் வட்டாரத்தில் அவர் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

அருங்காட்சியகக் கல்லின் சிறு துண்டையும் சுவீடன் கனிமத்தையும் அவர் ஒப்பிட்டார். வேதியியல் சோதனைகளில் இரண்டும் ஒன்றாகவே தோன்றின. அடர்த்தியில் மட்டும் வேறுபாடு இருந்தது. கொலம்பைட்டின் அடர்த்தி 5.918, டாண்டலைட்டின் அடர்த்தி 7.953. அந்த வேறுபாடு ஒரு பெரிய தடயம். ஆனால் ஒரே பொருள் வெவ்வேறு நிலைகளில் இருப்பதால் எடை மாறலாம் என்று வொல்லாஸ்டன் விளக்கம் சொல்லிவிட்டார். கொலம்பியமும் டாண்டலமும் ஒன்றே என்று முடிவு கட்டினார்.

வொல்லாஸ்டன் கவனக்குறைவான ஆள் அல்லர். ஏன் தவறினார் என்பதற்கு இயற்கையிலேயே காரணம் இருக்கிறது. தனிம அட்டவணையில் நையோபியத்தின் எண் 41. அதற்கு நேர் கீழே டாண்டலம், எண் 73. கீழே போகப் போக அணு பெரிதாக வேண்டும். ஆனால் இடையில் லாந்தனைடுகள் என்ற 14 தனிமங்கள் வந்து சேர்வதால், அணுவின் மையம் வெளியே உள்ள எலெக்ட்ரான்களை இறுக்கி இழுத்துக்கொள்கிறது. கடைசியில் இரண்டு அணுக்களின் அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. அளவும் ஒன்று, மின்னேற்றமும் ஒன்று என்றால் வேதிவினைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எடை மட்டும் காட்டிக்கொடுக்கும்: நையோபியத்தின் அடர்த்தி 8.57, டாண்டலத்துக்கு அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. பூமியிலும் ஒன்றைவிட்டு ஒன்று இருப்பதில்லை. ஒரே கல்லுக்குள் இரட்டைப் பிள்ளைகளாகவே கிடக்கின்றன.

இந்த அணுக் கணக்கெல்லாம் 1809இல் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வொல்லாஸ்டன் சொல்லிவிட்டார் என்பதே. கேள்வி அத்துடன் முடிந்ததாக வேதியியல் உலகம் எடுத்துக்கொண்டது.

அரக்கும் கோதுமையும்

அந்த ஆண்டுகளில் ஹாட்செட்டின் வாழ்க்கையும் திசை மாறியிருந்தது. 1806இல் தந்தை இறந்தார். வண்டித் தொழிலின் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த ஆய்வுக் கட்டுரைகள் அரிதாகிப்போயின. வேதியியலுக்கு அவர் தந்த முழு உழைப்பு ஏறத்தாழ 10 ஆண்டுகள்தான்.

அந்தப் பத்தாண்டுகளின் கடைசிப் பகுதியில் செய்த வேலை ஒன்று நம்மவர்களுக்கு நெருக்கமானது. 1804இல் இந்தியாவிலிருந்து வந்த அரக்கை அவர் ஆராய்ந்தார். மரக்கிளையில் சிறு பூச்சிகள் சுரக்கும் பொருள் அது. கடிதத்துக்கு முத்திரை வைக்கவும், வளையல் செய்யவும், மரச்சாமானுக்கு மெருகேற்றவும் பயன்பட்டது. அதன் சிவப்புச் சாயம் துணிக்குப் போனது. கிளையோடு இருக்கும் அரக்கில் மூன்றில் இரண்டு பங்கு பிசின், மீதி சாயம், மெழுகு, பசைப்பொருள் என்று ஒவ்வொன்றையும் பிரித்து எடை போட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், தோல் பதனிடும் துவர்ப்புப் பொருளைச் செயற்கையாக உண்டாக்கும் வழியையும் ஆராய்ந்தார்.

தொழிலில் மூழ்கிய பிறகும் ஆராயும் பழக்கம் அவரை விடவில்லை. 1816இல் ஐரோப்பாவில் கோடை சரியாக வராமல் விளைச்சல் பாழானது. ஈரத்தில் கிடந்த கோதுமையில் பூஞ்சை பிடித்து, மாவில் வாடை அடித்தது. ஏழைகளுக்கு வேறு தானியம் இல்லை. 1817இல் ஹாட்செட் ஒரு வழியை எழுதி வெளியிட்டார். வாடை பிடித்த கோதுமையின்மேல் கொதிநீரை ஊற்றிக் கிளற வேண்டும். கெட்ட மணிகள் மேலே மிதக்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். பிறகு நீரை வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, பரப்பி உலர்த்த வேண்டும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும் பழக்கம் உள்ள நம் பாட்டிமார்களுக்கு இது பெரிய வித்தையாகத் தோன்றாது. அவர் காலத்து லண்டனுக்கு அது உதவியது.

அறிஞர்களோடு அவருக்கிருந்த நட்பும் குறையவில்லை. ஹம்ப்ரி டேவி போன்றோரோடு சேர்ந்து, உயிரினங்களின் வேதியியலைப் பேச ஒரு சிறு கழகம் நடத்தினார். அண்டை வீட்டுப் பையனாக வந்து அவருடைய கற்களை ஆசையோடு பார்த்த வில்லியம் பிராண்டை அவர் ஊக்குவித்தார். அந்தப் பையன் வளர்ந்து ராயல் கழகத்தில் டேவியின் இடத்துக்கு வந்தார். பின்னர் ஹாட்செட்டின் மகளையும் மணந்தார்.

35 ஆண்டுகளுக்குப் பிறகு

1844இல் பெர்லினில் ஹைன்ரிச் ரோஸ் என்ற வேதியியலாளர், பவேரியாவில் கிடைத்த கொலம்பைட்டை ஆராய்ந்தார். அதில் டாண்டலம் அல்லாத வேறு ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். டாண்டலஸ் அரசனின் மகள் பெயர் நையோபி. அதை ஒட்டி நையோபியம் என்று பெயர் வைத்தார். டாண்டலத்தோடு இவ்வளவு ஒட்டியிருப்பதால் அதன் பிள்ளை என்று சொல்வதுபோல. ஹாட்செட் 1801இல் கண்டதும் இதுவேதான். வொல்லாஸ்டனின் முடிவு உடைந்தது.

ரோஸும் ஒரு தவறு செய்தார். பெலோப்பியம் என்று மூன்றாவது உலோகம் ஒன்றும் இருப்பதாகச் சொன்னார். அப்படி ஒன்று இல்லை என்பது பின்னர் தெளிவானது. இரட்டையரைப் பிரிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

ரோஸ் தம் முடிவை வெளியிட்டபோது ஹாட்செட்டுக்கு வயது 79. செல்சியில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1847இல் அவர் இறந்தார். ஸ்லவ் நகரை அடுத்த அப்டனில் உள்ள செயிண்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

அவர் பார்க்காத காலத்தில் மீதி வேலை நடந்தது. 1864இல் சுவீடனின் புளோம்ஸ்ட்ராண்ட், நையோபியக் குளோரைடை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கி, முதன்முதலில் உலோகத்தையே பெற்றார். 1866இல் ஜெனீவாவின் மரின்யாக், இரண்டையும் பிரிக்க நல்ல வழி கண்டார். உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது கறியுப்பு முதலில் படிகிறது, கசப்பு உப்புகள் நீரிலேயே நின்றுவிடுகின்றன. அதே முறைதான். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் பொட்டாசிய உப்புச் சேர்த்து ஆறவிட்டால், டாண்டல உப்பு முதலில் படியும். நையோபிய உப்பு அதைவிடப் பல மடங்கு எளிதில் கரைவதால் நீரில் தங்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆலைகளில் இந்த முறைதான் கையாளப்பட்டது.

அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்

நூறு ஆண்டுகளுக்குமேல் இந்தத் தனிமம் இரண்டு பெயர்களோடு வாழ்ந்தது. அமெரிக்காவில் கொலம்பியம், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நையோபியம். 1949இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக வேதியியலாளர் மாநாட்டில் வழக்கு தீர்ந்தது. நையோபியம் என்பதே ஏற்கப்பட்டது. மறு ஆண்டு அது முறைப்படி நடைமுறைக்கு வந்தது. மாறாக, வோல்ஃப்ராம், டங்ஸ்டன் என்ற இரு பெயர்களில் அமெரிக்கர் பயன்படுத்திய டங்ஸ்டனுக்கு இடம் கிடைத்தது. கண்டுபிடித்தவர் வைத்த பெயருக்கே முதல் உரிமை என்பது அறிவியல் வழக்கம். ஹாட்செட்டுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனாலும் பழைய பெயர் அழிந்துவிடவில்லை. அடையாள அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் நம் பேட்டைகளில் எத்தனையோ பேர். கொலம்பியமும் அப்படித்தான் உலோகத் தொழிலாளர்களின் வாயில் தங்கிவிட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கு எரிவாயு வெளியேறும் முனைகளை நெடுங்காலமாக இந்த உலோகக் கலவையில் செய்துவந்தது. 2024இல் அதற்கு மாற்றாகக் கார்பன் முனைகளை உருவாக்கியதாக அறிவித்தபோதும், பழைய கலவையைக் கொலம்பியம் என்றே குறிப்பிட்டது.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் கொலம்பைட் இருந்தது. ஈயத்தாதைக் கழுவிய பிறகு கறுப்பு மணலாக மிஞ்சுவதை அங்கே அமாங் என்பார்கள். ஒரு காலத்தில் கழிவென்று ஒதுக்கப்பட்ட அந்த மணலில்தான் கொலம்பைட்டும் வேறு அரிய கனிமங்களும் கலந்திருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதைப் பிரித்து ஏற்றுமதி செய்தார்கள். ஸ்லோனின் பெட்டியில் தூங்கிய அதே கல், இந்த மண்ணில் தொழிலாளர்களின் காலடியில் கிடந்திருக்கிறது.

குளிரில் வெளிப்பட்ட குணம்

இந்த உலோகத்தின் மதிப்பு 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாகத் தெரிந்தது. உருக வேண்டுமானால் ஏறத்தாழ 2,477 பாகை சூடு வேண்டும். உருக்கில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே எஃகு வலுக்கூடும். எண்ணெய்க் குழாய், பாலம், கார் என்று உலகில் தோண்டப்படும் நையோபியத்தில் பெரும்பகுதி எஃகுக்கே போகிறது. அதில் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. ஆஸ்திரியா 2003 முதல் வெள்ளி வளையத்துக்குள் வண்ண நையோபியம் பதித்த 25 யூரோ நினைவுக் காசுகளை வெளியிட்டு வருகிறது. காசுகளை உரசிப் பார்த்த மனிதரின் உலோகம், காசாகவே ஆகிவிட்டது.

மிகக் குளிரில் அதன் வேறொரு குணம் தெரிந்தது. சாதாரண அழுத்தத்தில், மின்தடை முழுமையாக மறையும் தனிமங்களில் மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே அந்த நிலையை அடைவது நையோபியம்தான். அந்த உயர்ந்த வெப்பநிலைகூட மைனஸ் 264 பாகை! வெள்ளீயத்தோடு அது சேரும் சேர்மம் மைனஸ் 255 பாகையிலேயே அந்த நிலையை எட்டுகிறது என்று 1954இல் அமெரிக்காவில் பெர்ண்ட் மத்தியாஸ் குழுவினர் கண்டனர். 1961இல் அதே சேர்மம் மிக வலிமையான காந்தப்புலத்திலும் மின்தடையின்றி நிற்பது தெரிந்தது. அதன் பிறகே எம்ஆர்ஐ இயந்திரத்துக்கும், ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதல் இயந்திரத்துக்கும் வழி பிறந்தது. கிளமெண்டி சாலையை ஒட்டியுள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், சில அணுக்கள் கனமே உள்ள நையோபியம் செலினைடு ஏடுகளை ஆய்வாளர்கள் உருவாக்கி, அவற்றின் மின் குணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹாட்செட் இவற்றில் எதையும் கற்பனை செய்திருக்க முடியாது. அவர் விட்டுச்சென்றது 13 கிராம் கல்லில் செய்த சோதனைகளின் பட்டியல் மட்டுமே. கண்டதை மட்டும் எழுதினார், காணாததை எழுதவில்லை. அதனால், பெரிய மனிதர் ஒருவரின் தீர்ப்பு 35 ஆண்டுகள் அதன்மேல் உட்கார்ந்திருந்தும் அது நசுங்கவில்லை.

இன்று நையோபியத்தைப் பற்றிய சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறார்கள். 1979இல் தொடங்கிய அந்த விருதின் பெயர் சார்ல்ஸ் ஹாட்செட் விருது. உலோகத்துக்கு அவர் வைத்த பெயரை மாநாடு ஒன்று மாற்றிவிட்டது. அந்த உலோகத்தில் வேலை செய்பவர்கள் அவருடைய பெயரையே தங்கள் விருதுக்கு வைத்துக்கொண்டார்கள்.